ஹெல்லரின் பழைய 1/72 தெவாத்தீன் டி.520 மாடல் விமானக் கிட்: பெட்டியைத் திறப்பது முதல் கடைசி வார்னிஷ் வரை

எமில் தெவாத்தீன் வடிவமைத்த டி.520 முதன்முதலில் பறந்தது 1938 அக்டோபர் 2 அன்று. 1940 மே மாதம் ஜெர்மானியப் படைகள் பிரான்சுக்குள் நுழைந்தபோது, மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐ ஏறக்குறையச் சமமாக எதிர்கொள்ளக்கூடிய பிரெஞ்சுப் போர் விமானம் இதுதான். ஆனால் வேண்டிய எண்ணிக்கையில், வேண்டிய நேரத்தில் படைப்பிரிவுகளுக்குப் போய்ச் சேரவில்லை. நீண்ட மூக்கு, நன்றாகப் பின்னால் தள்ளி அமைந்த விமானி அறை, வயிற்றுக்கு அடியில் தொங்கும் ரேடியேட்டர். பக்கவாட்டில் பார்த்தால் வேறெந்த விமானத்தோடும் குழப்பிக்கொள்ள வழியில்லை.

1957இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனமான ஹெல்லர், அந்தக் காலத்துப் பிரெஞ்சு விமானங்களை, ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட்களாக, 1/72 அளவில் (நிஜத்தில் 72இல் ஒரு பங்கு) வரிசையாகக் கொண்டுவந்தது. மொரேன்-சோல்னியே 406, ப்ளோக் 152, போத்தே 63-11, அமியோ 143, லியோ 451 ஆகியவற்றோடு டி.520உம் அந்த வரிசையில் உண்டு. பிற நாட்டு நிறுவனங்கள் ஸ்பிட்ஃபயரையும் மஸ்டாங்கையுமே திரும்பத் திரும்ப அச்செடுத்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தவை இவை. பல விமானங்களுக்கு நெடுங்காலம் இதை விட்டால் வேறு கிட்டே கிடையாது.

இந்தப் பழைய அச்சுகளின் பலம் உருவம். ஓரக்கோடு, மூக்கின் வளைவு, இறக்கையின் வடிவம் எல்லாம் நம்பத்தகுந்தவை. பலவீனம் விமானி அறையின் வறுமை, தடித்த விளிம்புகள், விமானி அறைக் கூரையின் தடித்த கண்ணாடி (தெளிவான பிளாஸ்டிக்தான்), வயதான டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிகளும் எழுத்துகளும்). அதனால் உழைப்பை எங்கே செலவிடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இணைப்புக்கோடு மறைய வேண்டும், விளிம்புகள் மெலிய வேண்டும், வண்ணம் சரியாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் கைகூடினால் ஐம்பது வருட வயதுள்ள கிட் புதிய கிட்டோடு ஒரே அலமாரியில் கூசாமல் நிற்கும். கிட்டையே வேறொன்றாக மாற்ற முயல்கிறவர்கள் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

வாங்கும்போது

ஒரே அச்சு பல பெட்டிகளில் வந்திருக்கும். 1980களில் ஹெல்லர் ஹம்ப்ரால் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1986இல் ஏர்ஃபிக்ஸும் அதே குடைக்குள் வந்து, நார்மண்டியில் த்ரன் ஊரிலுள்ள ஹெல்லர் ஆலையில் இரண்டு பெயர்களுக்கும் உற்பத்தி நடந்தது. சேகரிப்பவருக்கு மிகப் பழைய பெட்டி வேண்டியிருக்கலாம். ஒட்டிச் செய்யப்போகிறவருக்குப் பிற்காலப் பெட்டியே நல்லது. பிளாஸ்டிக் அதேதான், டெக்காலுக்கு மட்டும் வயது குறைவு. இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: அச்சு தேயத் தேய ஓரங்களில் மெல்லிய பிளாஸ்டிக் பிசிறு கூடும். பிசிறைப் பிளேடால் சீவி எடுத்துவிடலாம். உடைந்து போன டெக்காலை மீட்பது அதைவிடக் கடினம்.

விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: சட்டத்திலிருக்கும் (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் கம்பி) பாகங்கள், கண்ணாடிப் பாகம், டெக்கால் தாள். கண்ணாடி உறைக்குள் தனியே இல்லாமல் மற்றவற்றோடு உரசிக் கிடந்திருந்தால் கீறல் இருக்கும். அதைத் தேய்த்துப் போக்கலாம். விரிசல் இருந்தால் போகாது. டெக்கால் தாளில் பழுப்புக் கறை தெரிந்தாலும் வாங்கலாம். ஈரம் பட்டு மேல்தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதை இல்லாததாகவே கணக்கிட்டு விலை பேசுங்கள்.

மேசையில் இருக்க வேண்டியவை

சிறிய கட்டர், கூர்மையான கத்தி, 400, 600, 1000, 2000 எண் உப்புத்தாள்கள், கை டிரில்லும் 0.3 முதல் 0.6 மி.மீ. வரை துளைமுனைகளும், தண்ணீர் போல ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட், சூப்பர் குளூ, மாடல் பட்டி, ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தகடு, மாஸ்கிங் டேப். மருந்துக் கடையில் 23 எண், 30 எண் ஊசிகள் தலா சில வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கிக் குழாய்க்கு அவைதான். மெல்லிய சிமென்ட்டும் லாக்கர் தின்னரும் மூச்சுக்குக் கேடு. ஜன்னலைத் திறந்து வைத்து, தெளிக்கும்போது கரைப்பான் ஆவிக்கான முகமூடி போடுங்கள். உப்புத்தாளை எப்போதும் தண்ணீர் தொட்டே தேய்த்தால் தூள் பறக்காது, தாளும் அடைத்துக்கொள்ளாது.

கழுவுதல், நிமிர்த்துதல், டெக்கால் சோதனை

சட்டத்தோடு பாகங்களை வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதில் கழன்று வரப் பூசும் எண்ணெய்ப் படலம் பழைய கிட்களில் நிறையவே இருக்கும். அதைக் கழுவாமல் பூசிய வண்ணம் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வந்துவிடும். ஓர் இரவு காய விடுங்கள்.

காய்ந்ததும் இறக்கைப் பாகங்களைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பாருங்கள். பல வருடம் பெட்டிக்குள் அழுந்திக் கிடந்ததால் முறுக்கு இருக்கலாம். பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகி உருவிழக்கும். அதனால் கொதிநீர் வேண்டாம். 60–70 டிகிரி தண்ணீரில் அரை நிமிடம் வைத்து, கையால் எதிர்ப்பக்கமாகச் சற்றே கூடுதலாக வளைத்து, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். ஒரே முறையில் நேராகாது; மூன்று நான்கு முறை செய்ய வேண்டி வரும்.

டெக்காலைத் தொடும் முன் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வையுங்கள். பின்னால் எது கெட்டாலும் அளவும் எழுத்து வடிவமும் கையில் இருக்கும். பிறகு தாளில் தேவைப்படாத ஒரு சின்ன எழுத்தை வெட்டித் தண்ணீரில் போட்டு, கழிவுப் பிளாஸ்டிக்மேல் இறக்கிப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் முழுத் தாளுக்கும் திரவ டெக்கால் படலமோ பளபளப்பு வார்னிஷோ மெல்லியதாக இரண்டு முறை பூசிக் காய விடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு குறியையும் ஓரத்தை ஒட்டி வெட்டியே எடுக்க வேண்டும். தாள் முழுக்க ஒரே படலம் ஆகிவிட்டிருக்கும். மஞ்சளடித்த தாளை உறையில் போட்டு, படம் வெளியே பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால் வெயில் மஞ்சளை வெளுக்கும். சில நாள் ஆகும். சிவப்பும் சேர்ந்து மங்கிவிடக்கூடும் என்பதால் தினமும் பாருங்கள்.

கடைசியாக அளவு. நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 10.20 மீட்டர், நீளம் ஏறத்தாழ 8.60 மீட்டர். 72ஆல் வகுத்தால் 141.7 மி.மீ., 119.4 மி.மீ. பாகங்களை டேப்பால் சேர்த்துக் கட்டி அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்தைச் சரி செய்யப் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் பாகம் எங்கோ சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள்.

புடைத்த கோடுகளை என்ன செய்வது

அந்தக் காலத்து ஹெல்லர் அச்சுகளில் தகட்டு இணைப்புகள் மெல்லிய புடைத்த கோடுகளாக இருக்கும். இன்றைய கிட்களில் அவை பள்ளமாக இருப்பதால், பழையதை வாங்கியவுடன் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டுப் புதிதாகக் கீற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜ விமானத்தில் தகடுகளுக்கு இடையே 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி இருந்தால், 1/72இல் அது 0.04 மி.மீ.க்கு மேல் வராது. கையால் கீறும் கோடு மிக நன்றாக வந்தாலும் 0.1 மி.மீ. அகலம் இருக்கும், நிஜ அளவில் அது 7 மி.மீ. அகல வாய்க்கால். மெல்லிய புடைப்புக்கோடு உண்மையிலிருந்து அதைவிட அதிகம் விலகியதல்ல. வண்ணத்துக்குக் கீழே அது அடங்கியே தெரியும்.

எங்கள் பரிந்துரை: கோடுகளை அப்படியே விடுங்கள். இணைப்புக்கோட்டைத் தேய்க்கும் இடங்களில் மட்டும் அவை அழியும். அழியக்கூடாத கோட்டின்மேல் முன்கூட்டியே டேப் ஒட்டிக் காப்பாற்றலாம். அழிந்தவற்றை மீட்க, கிட்டின் சட்டத்துண்டு ஒன்றை மெழுகுவர்த்திக்கு மேலே சுழற்றிச் சூடாக்கி, இளகியதும் சுடரிலிருந்து விலக்கி இழுத்தால் முடிபோல் நூல் வரும். அதைக் கோடு இருந்த இடத்தில் நேராக வைத்து மெல்லிய சிமென்ட்டைத் தூரிகை நுனியால் ஒருமுறை தொடுங்கள். மறுநாள் 1000 எண் தாளால் இரண்டு தேய்ப்பு. கதவு, சுக்கான் போன்ற அசையும் பாகங்களின் எல்லையை மட்டும் கீறுவது நியாயம். நிஜத்திலும் அங்கே இடைவெளி பெரிது.

விமானி அறை

கூரை மூடியிருந்தால் இந்த அளவில் உள்ளே தெரிவது இருக்கையின் மேல்பாதி, தலைசாய்ப்பு, கருவிப் பலகையின் மேல் விளிம்பு, அவ்வளவே. தனியாக விற்கும் விலையுயர்ந்த ரெசின் விமானி அறையை வாங்கிப் போட்டு மூடிவிடுவதில் பயனில்லை. இருக்கையின் பக்கச் சுவர்களை உள்ளிருந்து சுரண்டி மெலியுங்கள். மாஸ்கிங் டேப்பை 0.7 மி.மீ. பட்டையாக வெட்டினால் நிஜத்தில் 5 செ.மீ. அகல இருக்கை வாருக்குச் சமம். காக்கி கலந்த வெளிர் நிறம் பூசி, கொக்கிக்கு வெள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அக்காலப் பிரெஞ்சு விமானங்களின் உட்புறத்துக்குக் கருநீலச் சாம்பல் பொருந்தும். கறுப்பும் கொஞ்சம் நீலமும் கலந்து, அதில் சிறிது வெள்ளை சேர்த்தால் கிடைக்கும். முழுக் கறுப்பு பூசினால் அறை வெறும் ஓட்டையாகத் தெரியும். காய்ந்ததும் வெளிர் சாம்பலைத் தூரிகையில் தொட்டு, கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உரசுங்கள்.

உடலைச் சேர்த்தல்

இந்தக் கிட்டின் வெற்றியும் தோல்வியும் இங்கேதான். உடலின் மேல்முதுகு நீளமாக, தடையில்லாமல் ஓடுவதால் இணைப்புக்கோடு எங்கேயும் ஒளிந்துகொள்ளாது.

1. இரு பாதிகளின் இணையும் விளிம்புகளைக் கண்ணாடிமேல் ஒட்டிய 400 எண் தாளில் இரண்டு மூன்று முறை இழுத்துச் சமமாக்குங்கள். அதற்கு மேல் தேய்த்தால் உடல் ஒல்லியாகி, இறக்கை பொருந்தாது.

2. உள்பக்கத்தில் 0.25 மி.மீ. தகட்டுத் துண்டுகளை இணைப்பின் ஒரு பக்கம் நாக்குபோல் ஒட்டி வையுங்கள். பழைய கிட்களில் பொருத்து முளைகள் தளர்வாகவே இருக்கும். சில சமயம் தவறான இடத்திலும் இருக்கும். முளை ஒத்துழைக்காவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு நாக்கை நம்புங்கள்.

3. விமானி அறையை ஒரு பாதியில் ஒட்டி, பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, மெல்லிய சிமென்ட்டை இணைப்பில் ஓட விடுங்கள். ஒரே மூச்சில் முழு நீளமும் வேண்டாம். மூக்கிலிருந்து 3 செ.மீ. 3 செ.மீ.ஆக முன்னேறுங்கள். பத்து நொடி கழித்து அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மணிபோல் பிதுங்கி வரும். அந்தப் பிதுக்கம்தான் பட்டிக்கு மாற்று. டேப்பின் அடியில் சிமென்ட் புகுந்தால் விரல்ரேகைபோல் தடம் விழும். அதனால் டேப்பை இணைப்பிலிருந்து விலக்கியே ஒட்டுங்கள்.

4. 48 மணி நேரம் தொடாதீர்கள். சிமென்ட்டில் இருப்பது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். அது முழுவதும் ஆவியாகும் வரை இணைப்பு சுருங்கிக்கொண்டே இருக்கும். மறுநாளே தேய்த்துச் சமமாக்கினால் அன்றைக்கு அழகாக இருக்கும். இரண்டு வாரம் கழித்து, வண்ணமெல்லாம் பூசிய பிறகு, அதே இடத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று தலைகாட்டும்.

5. 400, 600, 1000 என்று தேயுங்கள். இடுக்கு மிச்சம் இருந்தால் சூப்பர் குளூவோடு முகப்பவுடர் கலந்து நிரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். அடுத்த நாளுக்கு விட்டால் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, அதைத் தேய்க்கப் போய்ச் சுற்றிலும் பள்ளமாகும். தடித்த பாகங்களில் காணப்படும் குழிவுகளுக்கும் இதே கலவை போதும்.

ரேடியேட்டரின் வாய் விளிம்பு தடியாக இருக்கும். ஒட்டும் முன் உள்ளிருந்து கத்தியால் சுரண்டி, வெளியே தெரியும் விளிம்பை மட்டும் மெலியுங்கள். உள்ளே இருக்கும் வலைக்குக் கறுப்பு பூசி வெள்ளியால் உரசி வையுங்கள். பிறகு தூரிகை நுழையாது. இந்த விமானம் வால் சக்கரத்தில் சாய்ந்து நிற்பது. மூக்கில் எடை எதுவும் வைக்க வேண்டியதில்லை.

இறக்கைகள்

பழைய கிட்டைப் பழையதாகக் காட்டிக்கொடுக்கும் முதல் இடம் இறக்கையின் பின்விளிம்பு. மேல், கீழ்ப் பாதிகளின் உள்பக்கத்தைப் பின்விளிம்பை ஒட்டி 5 மி.மீ. அகலத்துக்குத் தேய்த்துச் சரிவாக்குங்கள். இரண்டும் சேரும்போது விளிம்பு 0.3 மி.மீ. வந்தால் போதும். வெளிப்பக்கம் தேய்த்தால் கோடுகள் போய்விடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே தேயுங்கள். பிளாஸ்டிக் ஒளி ஊடுருவும் அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடலாம்.

இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் இடைவெளி வந்தால் உடனே பட்டியை எடுக்காதீர்கள். டி.520இல் அந்த இடத்தில் அழகான வளைந்த சேர்க்கை உண்டு. பட்டி பூசித் தேய்த்தால் அந்த வளைவு தட்டையாகிவிடும். உடலை உள்ளிருந்து கொஞ்சம் விரித்தாலே இடைவெளி மூடும். இரு பக்கமும் 0.3 மி.மீ. இடைவெளி என்றால், உடலின் உள் அகலத்தைவிட 0.6 மி.மீ. நீளமான சட்டத்துண்டைக் குறுக்கே முட்டுக்கொடுத்து ஒட்டுங்கள். எனவே உடலை மூடும் முன்பே இறக்கையை வைத்துப் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் உடலை மூடியவருக்குத்தான் பிற்பாடு பட்டி வேலை.

இறக்கைகள் முனையை நோக்கி மேலே ஏறும் கோணத்தை முன்பக்க வரைபடத்திலிருந்து அட்டையில் வெட்டி, காயும் வரை விமானத்தை அதன்மேல் உட்கார வையுங்கள். பின் வால்தகடுகளை ஒட்டும்போது முன்னாலிருந்து பாருங்கள்: இறக்கை முனைகளும் வால் முனைகளும் ஒரே ஒழுங்கில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு மி.மீ. தாழ்ந்தாலும் கண் அதைத்தான் முதலில் பார்க்கும்.

துப்பாக்கியும் புகைக்குழாயும்

ஹிஸ்பானோ-சூய்சா 12ஒய்-45 இன்ஜினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே 20 மி.மீ. எச்.எஸ்.404 பீரங்கி; அது சுடுவது சுழலியின் நடுக்கூம்பு வழியாக. கிட்டில் அங்கே திறப்பு அடைபட்டோ ஆழமில்லாமலோ இருக்கும். கூம்பின் மையத்தை ஊசிமுனையால் குத்திக் குறித்து, முதலில் 0.3, பிறகு 0.6 மி.மீ. துளைமுனையால் கையாலேயே திருகித் துளையுங்கள். 23 எண் ஊசியின் வெளிவிட்டம் 0.64 மி.மீ. என்பதால், துளையைச் சற்றே அகட்டினால் ஊசித்துண்டு இறுக்கமாக உட்காரும். இறக்கைகளில் 7.5 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகள் நான்கு, 0.31 மி.மீ. கொண்ட 30 எண் ஊசி அவற்றுக்குப் பொருந்தும். ஊசியைக் கட்டரால் நறுக்கினால் வாய் நசுங்கும். அரத்தின் விளிம்பால் சுற்றிலும் கோடு போட்டு, வளைத்து ஒடித்து, முனையைத் தேயுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்பு அவசியம். ஒடியும் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

புகைக்குழாய் முனைகளைக் கத்தி முனையால் குழித்தால் போதும். வண்ணத்துக்கு முதலில் கறுப்பும் பழுப்பும் கலந்த உலோக நிறம், மேலே துரு நிறத் தூள் சிறிது. சுழலி இலைகளின் பின்பக்கம், விமானி கண்ணில் ஒளி அடிக்காமல் இருக்க, பெரும்பாலும் மட்டக் கறுப்பாக (பளபளப்பில்லாத கறுப்பு) இருக்கும்.

கண்ணாடிக் கூரை

2000 எண் தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் முதலில் முழுவதும் மங்கும், பயப்பட வேண்டாம். பிறகு 4000, அதன்பின் பாலிஷ் பசை. அது கிடைக்காவிட்டால் வெள்ளைப் பற்பசை. கடைசியில் தெளிவான அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷில் முக்கி எடுத்து, மிச்சத்தைத் தாளின் நுனியால் உறிஞ்சி, தூசி படாமல் கிண்ணத்தால் மூடி ஒரு நாள் விடுங்கள். கீறல்களை வார்னிஷ் நிரப்பிவிடும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை வெண்புகை படிந்ததுபோல் ஆக்கிவிடும். பிளாஸ்டிக் சிமென்ட் ஒரு துளி வழிந்தாலும் கண்ணாடியில் நுண்விரிசல் ஓடும். வெள்ளைப் பசை காய்ந்ததும் தெளிவாகும், மெல்லிய இடுக்கையும் நிரப்பும், ஈரத்துணியால் துடைக்கவும் வரும். கூரைச் சட்டங்களுக்கு மட்டும் வண்ணம் பட, ஒவ்வொரு கண்ணாடிக் கட்டத்தையும் 0.5–1 மி.மீ. டேப் பட்டைகளால் ஓரம் கட்டி, நடுவை மாஸ்கிங் திரவத்தால் நிரப்புங்கள். முதலில் உட்புறக் கருநீலச் சாம்பலைத் தெளித்து, அதற்கு மேல் வெளி நிறம். கண்ணாடி வழியே பார்க்கும்போது சட்டத்தின் உள்பக்கம் சரியான நிறமாகத் தெரியும்.

வண்ணம்

1940இன் பிரெஞ்சு உருமறைப்பில் மேல்பக்கம் மூன்று நிறங்கள்: கரும் நீலச்சாம்பல், காக்கிப் பச்சை, மண்பழுப்பு. கீழ்ப்பக்கம் வெளிர் நீலச்சாம்பல். திட்டுகளின் வடிவம் எல்லா விமானங்களிலும் ஒன்றாக இருந்ததில்லை. பெட்டியில் தந்திருக்கும் படத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, நீங்கள் செய்யப்போகும் குறிப்பிட்ட விமானத்தின் நிழற்படம் கிடைத்தால் அதையே பின்பற்றுங்கள்.

சாம்பல் பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு. இணைப்பில் மிச்சமுள்ள குறைகளைக் காட்டிக்கொடுப்பதே அதன் முதல் வேலை. திருத்திவிட்டு மறுபடி பூசுங்கள். அக்ரிலிக் வண்ணத்தைத் தின்னரோடு சம அளவு கலந்து, 0.3 மி.மீ. ஊசியுள்ள ஏர்பிரஷில் 15 முதல் 18 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தெளிக்கலாம். கீழ்நிறம் முதலில், காய்ந்ததும் மறைத்துவிட்டு மேலே முழுவதும் கரும் நீலச்சாம்பல், அதன்மேல் பச்சைத் திட்டு, பழுப்புத் திட்டு. திட்டுகளின் எல்லையில் ஒட்டுக்களிமண்ணை மெல்லிய திரியாக உருட்டி வைத்து, நேர்செங்குத்தாகத் தெளித்தால் எல்லை அரை மி.மீ. அளவுக்கு மட்டும் மென்மையாகும். 1/72இல் அதுவே மேல்வரம்பு. 3 மி.மீ. பரவினாலே நிஜ அளவில் ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்கு மங்கலாகிவிடும். தூரிகையால் பூசுகிறவர்கள் நீர்த்த வண்ணத்தை மூன்று பூச்சாக, ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு பூசட்டும். சிறிய உருவத்தில் கரும் நிறங்கள் இன்னும் கருத்துத் தெரியும் என்பதால் ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு வெள்ளையோ வெளிர் சாம்பலோ கலப்பது நல்லது.

1940ஆ, 1941ஆ: முதலில் முடிவு செய்யுங்கள்

டி.520 கட்டுபவர்கள் அதிகம் தடுமாறுவது குறிகளில். போரில் இருந்த 1940 மே–ஜூன் விமானத்துக்கும் விஷி அரசின் (1940 ஜூனில் ஜெர்மனியோடு போர்நிறுத்தம் செய்த பின் அமைந்த பிரெஞ்சு அரசு) கீழ் பறந்த விமானத்துக்கும் வேறுபாடு பெரிது. முதல் படைப்பிரிவாக இதைப் பெற்ற ஜிசி 1/3 (ஜிசி என்பது போர் விமானப் படைப்பிரிவின் பிரெஞ்சுச் சுருக்கம்) சண்டையில் இறங்கியது 1940 மே 13. ஜிசி 3/6இன் பியேர் ல க்ளோவான் ஜூன் 15 அன்று ஒரே பறத்தலில் ஐந்து இத்தாலிய விமானங்களை வீழ்த்தியதும் டி.520இல்தான். அந்த நாட்களின் விமானத்தில் உடலின் பக்கவாட்டில் நீண்ட வெள்ளைப்பட்டை கிடையாது. மூக்கில் சிவப்பு மஞ்சள் கோடுகளும் கிடையாது. வெள்ளைப்பட்டை போர்நிறுத்தத்துக்குப் பிறகு வந்தது. மூக்கிலும் வாலிலும் சிவப்பு மஞ்சள் கோடுகள் 1941இன் நடுப்பகுதியிலிருந்து. இரண்டையும் கலந்துவிட்டால் எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும் விவரமறிந்தவர் கண்ணில் அது உறுத்தும்.

வட்டக்குறியில் நீலம் நடுவில், சிவப்பு வெளியில். பிரிட்டன் குறியின் நேர் எதிர். சுக்கானின் மூவண்ணத்தில் கீல் இருக்கும் பக்கம் நீலம், பின்விளிம்பில் சிவப்பு. பழைய டெக்காலின் வெள்ளை, அடியிலிருக்கும் வண்ணத்தை மறைக்காது. எனவே சுக்கானை வண்ணத்தாலேயே செய்யுங்கள்: முழுவதும் வெள்ளை, பிறகு நடு மூன்றிலொரு பங்கை மறைத்து ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். மேலே விமான வகையும் எண்ணும் குறிக்கும் கறுப்பு எழுத்துகளை மட்டும் டெக்காலிலிருந்து வெட்டி ஒட்டலாம்.

விஷிக் கோடுகளுக்கு டெக்காலை நம்பவே வேண்டாம். கூம்பிக்கொண்டே போகும் மூக்கின்மேல் தட்டையான டெக்கால் சுருங்கி மடியும். வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் மஞ்சள் இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு நாள் காய விடுதல். கோடுகள் பறக்கும் திசையிலேயே நீளவாக்கில் ஓடும். நிழற்படத்தில் கோடுகளை எண்ணி, மூக்கின் உயரத்தை அந்த எண்ணால் வகுத்து, டேப்பைக் கண்ணாடிமேல் ஒட்டி இரும்பு அளவுகோல் வைத்து ஒரே அகலத்தில் வெட்டுங்கள். மூக்கின் மேல் நடுக்கோட்டிலிருந்து தொடங்கி இடம், வலம் மாறி மாறி ஒட்டிக்கொண்டு வந்தால் இரு பக்கமும் ஒத்துப்போகும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கடைசிக் கோடு எங்காவது பிசகும். டேப்பின் ஓரத்தில் முதலில் மஞ்சளையே ஒருமுறை மெலிதாகத் தெளியுங்கள். கசிவதாக இருந்தால் மஞ்சள்தான் கசிந்து இடுக்கை அடைக்கும். பிறகு சிவப்பு. ஒரு மணி நேரத்துக்குள் டேப்பைத் தன்மேலேயே மடித்தவாறு உரியுங்கள்.

டெக்காலும் வார்னிஷும்

மட்ட வண்ணத்தின்மேல் நேரடியாக டெக்கால் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, படலம் வெள்ளி போல மினுங்கும். பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு கட்டாயம். பழைய டெக்கால் தண்ணீரில் ஒரு நிமிடத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். விரலால் தள்ளிப் பார்க்காதீர்கள், தானாக நழுவும் வரை காத்திருங்கள். இடத்தில் மைக்ரோ செட் (டெக்கால் ஒட்ட உதவும் திரவம்) ஒரு சொட்டு, அதன்மேல் டெக்கால், ஈரத் தூரிகையால் நடுவிலிருந்து வெளிநோக்கித் தடவுதல், பிறகு மைக்ரோ சால் (டெக்காலை இளக்கிப் படிய வைக்கும் திரவம்). பழைய மை சிலவற்றுக்கு மைக்ரோ சால் கடுமையானது. முதலில் கழிவுத் துண்டில் சோதியுங்கள். சுருங்கினால் தொடாமல் விடுங்கள், பெரும்பாலும் காயும்போது தானே படியும். பசை சக்தி இழந்திருந்தால் அடியில் நீர்த்த ஃபெவிகால் மெல்லியதாகத் தடவலாம்.

அழுக்குப் பூச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பள்ளக் கோடுகளுக்கான நீர்த்த கருவண்ணம் புடைப்புக் கோட்டில் நிற்காது. இரு பக்கமும் வழிந்து கறையாகும். அதற்குப் பதில் 0.3 மி.மீ. பென்சிலைக் கோட்டின் ஓரமாக லேசாக ஓட்டி, பஞ்சால் ஒருமுறை பின்னோக்கித் துடையுங்கள். புகைக்குழாயிலிருந்து இறக்கை வேர் வரை சாம்பல்பழுப்புப் புகைக்கறை, இறக்கையில் விமானி ஏறும் இடத்தில் வெள்ளிக் கீறல் சில. 1940 மே–ஜூன் விமானங்கள் புத்தம் புதிதாக ஆலையிலிருந்து வந்து சில வாரமே பறந்தவை. கிழடுதட்டியதாகக் காட்ட வேண்டாம்.

கடைசி மட்ட வார்னிஷுக்கு நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் மழைநாள் மாலையில் லாக்கர் வார்னிஷ் தெளித்தால், வேகமாக ஆவியாகும் தின்னர் மேற்பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கி வெண்மை படரும். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் நண்பகல் நேரம் சரியானது. வெண்மை வந்துவிட்டால், வறண்ட நாளில் மெதுவாக உலரும் தின்னரை மட்டும் மிக மெலிதாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளியும்.

கூரையின் டேப்பை உரித்து, சக்கரங்களின் அடியை 0.3 மி.மீ. தேய்த்துத் தட்டையாக்கி ஒட்டி, சுழலியைப் பசையில்லாமல் செருகிவிட்டால் வேலை முடிந்தது. நேர்வெயில் படாத அலமாரியில், கண்ணாடிக்குள் வையுங்கள். வெயில் பட்டால் முதலில் மங்குவது டெக்காலின் சிவப்பு.